வெளியே விழவேண்டியவர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் ஊறி வந்ததல்ல. ஒரு தபால் கார்டில் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக மாதாமாதம் அறிவியல் இதழ் ஒன்று நடத்தும் நண்பர் எழுதியிருந்தார்: 'வட்ட இயக்கத்தில் மையநோக்கு விசை. இதை வைத்து ஒரு சிறுகதை வேண்டும். எட்டுப் பக்கம். படித்து முடிக்கும்போது பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். காதல் வேண்டாம்.'

கடைசி இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார். என்னைப் பற்றி அவருக்கு ஏதோ ஒரு அபிப்பிராயம் இருக்கிறது.

அவருக்குத் தெரியாத விஷயம், எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் விஞ்ஞானத்தில் வாங்கியது முப்பத்தேழு. அதில் பன்னிரண்டு மார்க் தவளையின் குடலை அழகாக வரைந்ததற்கு. மீதி, திருத்தியவரின் பெருந்தன்மை.

ஆனால் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. 1981இல், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சிம்மக்கல்லிலிருந்து பரவைக்குப் போன டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த விஞ்ஞான வாத்தியார் ஒருவர், பஸ் வளைவில் திரும்பியபோது வெளியே விழுவதற்குப் பதிலாக உள்ளே விழுந்தார். ஒரு பெண்ணின் மடியில் விழுந்தார். அதற்குப் பஞ்சாயத்து நடந்தது. அப்போது நான் பரவைத் தபாலாபீஸில் ஸ்டாம்பு விற்றுக்கொண்டிருந்தேன். அந்தப் பஸ்ஸில்தான் வந்தேன். நேரில் பார்த்த சாட்சி என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

சம்பவம் நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பஞ்சாயத்தில் இதைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

2

தொடக்கங்கள். எழுதியதும் விட்டதும்.

'நாகமலைக்குப் பின்னால் கதிரவன் சிவந்து இறங்க, வைகையின் நீர்ப்பரப்பில் பொன்' — மார்ச் மாதம் வைகையில் ஏது நீர்ப்பரப்பு? விட்டேன்.

'மாணவச் செல்வங்களே, ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றுங்கள். கல்லை வெளியே தள்ளும் விசை ஒன்றை உங்கள் கை' — இதை எழுதும்போது மனசாட்சி உறுத்தியது. செய்து பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? மொட்டைமாடிக்குப் போய்ச் சுற்றினேன். கல் வடக்கே இருக்கும்போது விட்டால் வடக்கே இருக்கிற காலி மனைக்குப் போய்விடும் என்று கணக்குப் பண்ணி விட்டேன். அது கிழக்கே பறந்து, பக்கத்து வீட்டு ரேடியோ ஏரியல் கம்பியில் போய் அடித்தது.

கீழேயிருந்து சீனியம்மாள் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி; என் மேல் மரியாதை உள்ளவர், அதுவரை.

"என்ன சார் அது?"

"விஞ்ஞானம்மா."

"விஞ்ஞானம்னா அந்தப் பக்கமா நின்னு பண்ணுங்க சார். எங்க வீட்டுக்காரரு நியூஸ் கேக்கணும்."

அரை மணி நேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தால் பாதி, யோசனையால் பாதி. கல்லை யாராவது வெளியே தள்ளியிருந்தால் அது வடக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. கையை விட்ட நேரத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே நேராகப் போயிருக்கிறது. அப்படியென்றால் அதை யாருமே தள்ளவில்லை. அது பாட்டுக்கு நேராகப் போகத்தான் பார்க்கிறது. கயிறுதான் நொடிக்கு நொடி உள்ளே இழுத்து, இழுத்து, வட்டமாக வளைக்கிறது. இழுப்பு நின்றால் வட்டமும் நின்றது.

மையநோக்கு விசை அவ்வளவுதான். உள்பக்கமாக இழுக்கிற இழுப்பு. இதைப் பத்து வரியில் எழுதி அனுப்பியிருந்தால் ஆசிரியருக்கும் சந்தோஷம், எனக்கும் ஒரு ஏரியல் கம்பியோடு செலவு முடிந்திருக்கும். ஆனால் அந்த மாடியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பரவை வாத்தியார் ஞாபகம் வந்து தொலைத்தது. இரண்டு வருஷம் கழித்து, முப்பத்தேழு மார்க் மூளையில், ஒரு கேள்வி: வெளியே போகவேண்டிய மனிதர் உள்ளே எப்படி வந்தார்?

3

காளை வாத்தியாருக்கு வயது இருபத்தொன்பது. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். பரவையில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் ஆறு வருஷமாக விஞ்ஞானம் எடுத்துவந்தார். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. 'வட்டப்பாதையில் செல்லும் பொருளை மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது' என்று ஆறு வருஷமாகப் பலகையில் எழுதிப்போட்டு, ஆறு செட் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து பாஸாகியிருந்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் அப்படித்தான் எழுதிப்போட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் சிம்மக்கல்லுக்கு வந்து, சூரியனும் ஒன்பது கிரகங்களும் உள்ள சுவர்ப்படம் ஒன்றை வாங்கினார். அதைச் சுருட்டி, பச்சைப்பிள்ளையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு, ஆறு மணி ஒச்சாயியைப் பிடித்தார்.

(ஒச்சாயி என்பது பஸ். முதலாளி நல்லகாமன் தன் தாயார் பெயரை வைத்திருந்தார். 'ஒச்சாயி வந்துட்டாளா?', 'ஒச்சாயி இன்னைக்கு நடுவழில படுத்துட்டா' என்றெல்லாம் ஜனங்கள் பேசிக்கொள்வது காதில் விழும்போது முதலாளியின் முகம் பார்க்கச் சகிக்காது.)

பஸ்ஸில் எள் விழ இடமில்லை. காளை பின்படிக்கட்டில் ஒரு காலை வைத்து, இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையில் சூரிய மண்டலத்தோடு தொங்கினார். கண்டக்டர் பேயாண்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"வாத்தியாரே, உள்ள ஏறுங்க."

"எங்கண்ணே ஏற? உங்க பைக்குள்ளயா?"

"அந்தப் படத்தையாச்சும் உள்ள குடுங்க."

"கசங்கிரும்ணே."

"நீங்க கசங்குனா பரவால்லயா?"

விளாங்குடி தாண்டி, பரவைக்கு முன்னால், ஒரு வளைவு. வரைபடத்தில் தேடாதீர்கள், கதைக்கு வேண்டிய அளவு வளைத்திருக்கிறேன். வளைவில் வேகத்தைக் குறைப்பது ஒச்சாயிக்கு மரியாதையில்லை என்பது டிரைவர் சின்னக்கருப்பனின் கொள்கை. பஸ் வலப்பக்கம் திரும்பியது.*

* முதல் பிரதியில் 'இடப்பக்கம் திரும்பியது' என்று எழுதியிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் வாத்தியார் தானாகவே உள்ளே சாய்ந்திருப்பார், பஞ்சாயத்தே இல்லை, நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வளைவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போட எனக்கு அதிகாரம் உண்டு. வளைந்த பிறகு ஆள் எந்தப் பக்கம் போவார் என்பதில் என் பேனா செல்லாது. இத்தனை வருஷம் கதை எழுதியதில் இப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை.

படிக்கட்டு இடப்பக்கம். பஸ் வலப்பக்கம் போகிறது. வியர்த்த கை கம்பியிலிருந்து நழுவியது.

ஆறு வருஷம் பாடம் நடத்தியவர் அல்லவா, அந்த நேரத்திலும் காளை ஒரு தள்ளலை எதிர்பார்த்தார். யாரோ மார்பில் கைவைத்து வெளியே தள்ளுவதுபோல் ஒரு விசை. அப்படி ஒன்றும் வரவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. யாரும் தள்ளவில்லை. அவர் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தார். பஸ்தான் அவரை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கையிலிருந்து நழுவிய படம் அவருக்குப் பக்கத்திலேயே, அதே வேகத்தில், அதே பக்கம், கூடவே வந்தது. பிறகு அது பிரிந்து நேராக வயலுக்குள் போனது. அடுத்தது நாம்தான் என்று அவருக்குத் தெரிந்தது. தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டமே என்றும் தெரிந்தது.

அப்போது மார்பில் சட்டை கொத்தாக இறுகியது. இரண்டு பித்தான்கள் தெறித்தன. உள்ளே ஒரு இழுப்பு. பெண்கள் இருக்கையில், படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த முருகம்மாளின் கை அது. சிம்மக்கல்லில் ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனியில் நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டும் கை. அந்தக் கை அவரை வளைத்து, பஸ்ஸோடு சேர்த்துத் திருப்பியது. வளைவு முடிந்து பஸ் நேரானது. கை அதைக் கவனிக்கவில்லை, இழுத்துக்கொண்டேயிருந்தது. மிச்ச இழுப்பில் வாத்தியார் அவள் மடியில் போய் விழுந்தார்.

வளைவில் எல்லோரும் கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்திருந்தார்கள். கண்ணைத் திறந்தபோது அவர்கள் பார்த்தது, கடைசிக் காட்சியை மட்டும்.

4

பஸ் பரவைக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்; தபாலாபீஸில் வேலை பார்த்த எனக்கே அந்த வேகம் புரிந்ததில்லை. முருகம்மாளின் அண்ணன் மருது, நல்லகாமனின் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன், நிறுத்தத்தில் காத்திருந்தான். அடிக்கவில்லை. வாத்தியாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவர அடிச்சா எனக்குக் கேவலம்" என்றான். "பஞ்சாயத்துல பாத்துக்குறேன்."

தலைமையாசிரியர் மறுநாளே கூப்பிட்டனுப்பினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை பஞ்சாயத்தாம். உங்க மேல தப்புண்டு முடிவாச்சுன்னா திங்கக்கிழமை பள்ளிக்கூடம் வர வேணாம் காளை. பொம்பளப் பிள்ளைக படிக்கிற இடம்."

இப்போது கணக்கு மிகச் சுலபம். 'அவங்கதான் இழுத்தாங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் காளை தப்பித்துவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? ஊரறிய ஓடுகிற பஸ்ஸில் ஒரு ஆம்பிளையின் சட்டையைப் பிடித்து மடியில் இழுத்துப் போட்டவள் என்று ஆகும். வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்கச் சோழவந்தானிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. இதைக் கேள்விப்பட்டு 'பஞ்சாயத்து முடியட்டும்' என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். உயிரைக் காப்பாற்றியதற்கு அவளுக்குக் கிடைக்கிற சன்மானம் இதுவா?

எட்டு நாளும் காளை யோசித்தார். ஒருநாள் வகுப்பில் பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்று, மையவிலக்கு என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதாமல், "நாளைக்குப் பாப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார். சொல்வதில்லை என்று அன்று முடிவுசெய்தார்.

(ஆசிரியர் கவனத்துக்கு: காதல் இல்லை. அவள் பெயரே அவருக்குப் பஞ்சாயத்துச் செய்தி வந்த பிறகுதான் தெரியும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவருகிறேன்.)

5

ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் பஞ்சாயத்து. நல்லகாமனுக்குப் பஸ் சொந்தம், மில் சொந்தம், ஆகையால் நியாயமும் அவரிடமே இருந்தது. வரிசையாகச் சாட்சி கேட்டார். எல்லோரும் "விழுந்தாரு, பாத்தோம்" என்றார்கள். என் முறை வந்தது.

"போஸ்டாபீஸு, நீங்க பாத்தீகளா?"

"பார்த்தேன். விழுந்தார்." அரசாங்க உத்தியோகஸ்தன் பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான் என்று எப்படிச் சொல்வது?

மருது எழுந்தான். "மாமா, நான் பதினோரு வருசமா லாரில மூட்டையோட மூட்டையாப் போறேன். வளைவுல மூட்டை வெளியதேன் சரியும். உள்ள சரிஞ்சு நான் பாத்ததே இல்ல. இவரு மட்டும் எப்படி உள்ள விழுகுறாரு? மனசு வச்சாத்தேன் விழ முடியும்."

கூட்டத்தில் 'ஆமா' என்று ஒரு முனகல். நல்லகாமன் வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீங்க சயின்ஸு. இவன் சொல்றது சரியா, தப்பா?"

காளைக்குத் தெரியும். மருது சொன்னது சரி. அவர் படித்த பாஷையில் மருது பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் சரி என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? வெளியே போகவேண்டிய ஆளை உள்ளே கொண்டுவந்தது எது? விசை இல்லாமல் எதுவும் வளையாது. களத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் அப்பன்மார். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்.

"வளைவுல... உள்ளயும் விழலாம்" என்றார்.

ஆறு வருஷமாகத் தெரியாமல் தப்பாகச் சொல்லிவந்தவர், சரி எது என்று தெரிந்துகொண்ட பிறகு சொன்ன முதல் தப்பு அது.

"விழலாமா?" என்றான் மருது. "அப்ப மூட்டைய வச்சுப் பாத்துருவோம் மாமா."

6

இந்தப் பகுதியைக் கற்பனை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாத்தியாரை மில் தராசில் ஏற்றினார்கள். ஐம்பத்தொரு கிலோ. பேயாண்டி முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, "செருப்போடயா?" என்று கேட்டார். அதே எடைக்கு ஒரு சாக்கில் தவிட்டை நிரப்பினார்கள். பதினோரு மணி டிரிப்பை நிறுத்தி, அன்று பஸ்ஸில் இருந்தவர்களையெல்லாம் அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்காரவைத்தார்கள். முருகம்மாளையும் கூட்டிவந்து அவள் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை விழித்திருந்தேன். பின்படிக்கட்டில் வாத்தியாருக்குப் பதில் மூட்டை. எல்லோரும் பார்க்கத் தோதாக வாத்தியார் உள்ளே நடுவில் நின்றார். நல்லகாமனும் மருதுவும் ஏறிக்கொண்டார்கள்.

"எப்பயும் போற மாதிரி போகவாண்ணே?" என்று சின்னக்கருப்பன் கேட்டார்.

"எப்பயும் போற மாதிரி போடா. நான் இருக்கேன்னு மெதுவாப் போகாத."

முதல் தடவை. பஸ் திரும்பியது, மூட்டை நேராகப் போய் வயலில் உட்கார்ந்தது. தூக்கிவந்தார்கள். இரண்டாவது தடவை வாய் அவிழ்ந்து, உள்ளே இருந்தவர்கள் தலையெல்லாம் தவிடு. கட்டி மறுபடி வைத்தார்கள். மூன்றாவது தடவை நல்லகாமனே மூட்டையை உள்பக்கமாகச் சாய்த்து வைத்து, "ம், போ" என்றார். போனது, மூட்டை. வயலுக்கு.

நல்லகாமன் தோளில் இருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். "மூணு தடவையும் வெளியதேன் போச்சு. மூட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது வாத்தியாரே."

"மூட்டைக்குக் கையும் இல்லைல்லண்ணே" என்று பேயாண்டி இழுத்தார். "வாத்தியாருக்கு ரெண்டு இருந்துச்சு."

"அதேன் வேணும்னே விழுந்தாருங்குறோம்."

"அது இல்லண்ணே. ஒரு கைல படம் இருந்துச்சு. இன்னொரு கை கம்பில இருந்து வழுக்கிருச்சு, அது வரைக்கும் பாத்தேன், பெறகு நானும் கண்ண மூடிட்டேன். தரைல கால் இல்ல. பெறகு எதப் பிடிச்சு உள்ள வந்தாரு?"

பஸ் நின்றிருந்தது. எஞ்சின் சத்தம் மட்டும். நல்லகாமன் மெதுவாக, தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார்: "அப்ப எது இழுத்துச்சு?"

ஆறு வருஷத்தில் எந்த மாணவனும் கேட்காத சரியான கேள்வி. வேறொரு நாளாக இருந்தால் காளை அவரைக் கட்டிக்கொண்டிருப்பார். இன்றைக்கு அதற்கு நேரமில்லை. யாரும் பதில் தேடிப் பெண்கள் பக்கம் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"ஒண்ணும் இழுக்கல. நாந்தான் விழுந்தேன். வேணும்னே விழுந்தேன். திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் வரமாட்டேன்."

7

இதுவரை எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பிக் கேட்டேன். பதில் கார்டு: 'தவிட்டு மூட்டை நன்று. கதாநாயகன் தப்பான பாடம் சொல்லிவிட்டு ஓடுகிறார். பிள்ளைகள் இதையே பரீட்சையில் எழுதினால்? முடிவில் சரிசெய்யவும்.'

சரிசெய்ய உட்கார்ந்தேன்.

முடிவு ஒன்று: காளை பெட்டியோடு ராமநாதபுரம் பக்கம் போய்விடுகிறார். அங்கே ஒரு பள்ளியில் சரியான பாடத்தை நடத்துகிறார். யாருக்கும் புரியவில்லை. (இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதை எழுதிவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.)

முடிவு இரண்டு: பஸ்ஸில் இருந்த ஒருவர் எழுந்து, 'நான் கண்ணைத் திறந்து பார்த்தேன், நடந்தது இதுதான்' என்று உண்மையைச் சொல்கிறார். அந்த ஒருவர் பரவைத் தபாலாபீஸில் ஸ்டாம்பு விற்கிற, பார்க்க லட்சணமான, முப்பது வயது மதிக்கத்தக்க — அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு மூன்று: 'வாத்தியாரின் வார்த்தையைக் கேட்ட முருகம்மாளின் கண்களில் நீர் திரண்டது. அவள் முகம்'

அவள் முகம்.

அவள் முகம் அப்போது எப்படி இருந்தது? பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். மூட்டை எப்படிப் போனது என்று சொல்வேன். பேயாண்டியின் மீசையில் எவ்வளவு தவிடு இருந்தது என்றுகூடச் சொல்வேன். அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை. விழித்துக்கொண்டிருந்துதான் பார்க்கவில்லை.

எழுதிய பக்கங்களை முதலிலிருந்து புரட்டினேன். நீங்களும் வேண்டுமானால் புரட்டுங்கள். கண்டக்டர் பேசுகிறார், டிரைவர் பேசுகிறார், ரேடியோ ஏரியலுக்காகப் பக்கத்து வீட்டம்மா பேசுகிறார். முருகம்மாளுக்கு நான் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. ஒரு கையைக் கொடுத்தேன். அதோடு சரி.

8

ஆகவே, நடந்ததையே எழுதுகிறேன்.

"இழுத்தது நாந்தேன்" என்றாள் முருகம்மாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. மிஷின்களுக்கு நடுவில் பேசிப் பழகிய குரல். எந்தச் சத்தத்துக்கு மேலும் கேட்கும்.

"ஏய், சும்மா இரு" என்றான் மருது.

"எட்டு நாளாச் சும்மாதேன் இருந்தேன்."

நல்லகாமன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தார். "ஏம்மா, இத முன்னாலயே சொல்றதுக்கு என்ன?"

"என்ட்ட யாரு கேட்டீக? டிரைவரக் கேட்டீக, கண்டக்டரக் கேட்டீக. தூங்கிக்கிட்டு வந்த போஸ்டாபீஸ்காரர்ட்டயும் சாட்சி கேட்டீக."

(பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. ஜன்னல் கம்பியில் எத்தனை திருகாணி இருக்கிறது என்று எண்ணினேன். நான்கு.)

"மூட்டைய வச்சுப் பாத்தீக" என்றாள் அவள். "மூட்டைய யாரும் இழுக்கல, அது போக்குல போச்சு. இவர நான் இழுத்தேன், இவரு உள்ள வந்தாரு. இது தெரியுறதுக்கு மூணு தடவ டீசலா?"

பேயாண்டி சிரிப்பை அடக்க டிக்கெட் பையைக் கடித்துக்கொண்டார். காளை மட்டும் சிரிக்கவில்லை. ஆறு வருஷமாகப் பலகையில் எழுதத் தவறிய பாடத்தை ஒருத்தி தவிட்டுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அதற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

மருது அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "யாருண்டு பாத்தா இழுத்த?"

"வெளிய போற ஆள யாருண்டு பாத்துக்கிட்டு இருந்தா, இழுக்க ஆள் இருக்காதுண்ணே."

"சோழவந்தான்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

"உள்ளதச் சொல்லு."

மருது அவளுக்கு முன்னால் இருந்த இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் தோளில் இருந்த தவிட்டைத் தட்டிவிட்டான்.

வாத்தியார் பேச வாயெடுத்தார். "நான் சொன்னது தப்பு. வளைவுல யாரும் தானா உள்ள விழ மாட்டாங்க. மருது சொன்னதுதான் சரி. இழுத்தாத்தான் உள்ள வர முடியும்." கூட்டத்தில் இருந்த அப்பன்மாரைப் பார்த்து, "உங்க பிள்ளைகட்ட நான் இத்தனை நாளாச் சொன்னதும் தப்பு. நாளைக்கு மாத்திச் சொல்லுவேன்" என்றார்.

"அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல" என்றார் நல்லகாமன். நியாயம் தீர்ந்துவிட்டது. ஆனால் அவருக்குத் திருப்தி வரவில்லை; தீர்ப்பு சொல்லிப் பழகியவர்களுக்கு ஒன்றோடு நிறுத்த வராது. வாத்தியாரையும் முருகம்மாளையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மருது மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன். இழுத்தது இழுத்தாச்சு. ஊரும் பாத்தாச்சு. சோழவந்தானுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்? வாத்தியாரும் நம்ம ஆளு. பேசி முடிச்சுருவோமா?"

பஸ்ஸில் ஒரே குதூகலம். எல்லோருக்கும் இப்போதுதான் மூச்சு வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் பேனாவும் குதித்தது. எட்டாவது பக்கத்தின் அடியில் கச்சிதமாக ஒரு கல்யாணம். ஆசிரியரின் சிவப்புக் கோடு நாசமாய்ப் போகட்டும்.

"என்ன வாத்தியாரே, சம்மதமா?" என்றார் நல்லகாமன்.

எல்லோரும் காளையைப் பார்த்தார்கள். காளைக்குச் சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியும்; நான் அவருக்குள்ளேயே உட்கார்ந்துதான் இத்தனை பக்கம் எழுதிவந்திருக்கிறேன். சொல்லமாட்டேன். அவரும் சொல்லவில்லை. தலையில் தவிட்டோடு, இரண்டு பித்தான் புதிதாகத் தைத்த சட்டையோடு நின்றவர், நல்லகாமனைப் பார்த்து, "மறுபடியும் என்னயவே கேக்குறீங்களே" என்றார்.

நல்லகாமனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் திரும்பினார். மருது திரும்பினான். பேயாண்டி, சின்னக்கருப்பன், பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் பெண்கள் இருக்கைப் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை நானும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

நீங்கள் இந்நேரம் அவளுக்காக ஒரு பதிலை எழுதி வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், என்னிடமே மூன்று இருந்தன. மூன்றையும் அடித்துவிட்டேன். உங்களுடையதையும் கொஞ்சம் கீழே வையுங்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். பேச்சு நன்றாகக் கேட்கும்.

"எனக்கு" என்று ஆரம்பித்தாள் முருகம்மாள்